வளரும் நாடும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும்



‘வளரும் நாடு’ என்றொரு பெயர் உலக அரங்கில் வழங்கி வருகின்றது. அது தமிழர் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. பிறர் மண்ணையும் பிறர் உழைப்பையும் நெடுங்காலம் உறிஞ்சிக் கொழுத்த நாடுகள் தம்மை ‘வளர்ந்த நாடுகள்’ என்று அழைத்துக்கொண்டன. உறிஞ்சப்பட்டு உலர்ந்து கிடந்த நாடுகளை, 1949-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் துரூமன் தம் பதவியேற்புரையில் ‘வளர்ச்சி குன்றிய பகுதிகள்’ என்று குறித்தார். அச்சொல் செவிக்குக் கடுமையாக இருந்தமையால், பின்னாளில் ‘வளரும் நாடுகள்’ என்று அதனை மென்மைப்படுத்திக்கொண்டனர். பெயர் மாறிற்று, அளவுகோல் மாறவில்லை. அணை எத்தனை அடி உயர்ந்தது, ஆலைகள் எத்தனை எழுந்தன, மின்னாற்றல் எவ்வளவு பிறந்தது என்றே நாட்டின் வளர்ச்சியை அளக்கின்றனர். அந்த அணைக்கும் ஆலைக்கும் பக்கத்தில் குடிசை போட்டு வாழும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்பதை அளப்பதற்கு அவர்களிடம் கோல் இல்லை. அந்தக் கோலைத் தேடுவதே இவ்வுரையின் வேலை. அதற்கு உலகைச் சுற்றிவர வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்து மேச்சேரியில் நின்று பார்த்தாலே போதும்.

மேச்சேரி மண்

மேச்சேரி, மேட்டூர் வட்டத்தில் உள்ள ஒரு பேரூர். பத்திரகாளியம்மன் கோயிலாலும் ஆட்டுச் சந்தையாலும் பெயர் பெற்றது. அவ்வூரின் பெயரையே தாங்கிய செம்மறியாட்டு இனம் ஒன்று உண்டு. செம்பழுப்பு நிறம், குட்டை மயிர், கிடாய்க்கும் கொம்பில்லை, பெட்டைக்கும் கொம்பில்லை. வறண்ட காட்டில் கிடைத்ததைக் கடித்து வளரும் அவ்வாட்டின் தோல், தோல் பதனிடும் தொழிலில் மிக உயர்ந்ததாக மதிக்கப்படுகின்றது. அவ்வினத்தைப் பேணி வளர்ப்பதற்கென்றே அருகிலுள்ள பொட்டனேரியில் 1978-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பெற்றது. குட்டி பிறந்தபோது என்ன எடை, பால் மறந்தபோது என்ன எடை என்று நிறுத்துக் குறித்து ஆராய்ந்து வருகின்றனர். அது நல்ல பணியே, வேண்டிய பணியே. ஆனால் அதே ஆண்டுகளில் அந்த ஆட்டின் பின்னே துரட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்த சிறுவன், எந்தக் கணக்கிலும் ஏறாமலே வளர்ந்தான்.

இனி, நீரைப் பாருங்கள். மேச்சேரிக்கு மேற்கே சில கல் தொலைவில் மேட்டூர் அணை நிற்கின்றது. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டத்தின் முழு உயரம் 120 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 9,347 கோடி கன அடி. அந்த நீர்ப்பரப்பின் அடியில் பல சிற்றூர்கள் மூழ்கின. நீர் வடியும் கோடையில் பண்ணவாடிப் பக்கத்தில் பழங்கோயிலின் நந்தியும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் தலைகாட்டுவதைக் காண மக்கள் திரள்வர். அவ்வூர்களில் வாழ்ந்தவர்கள் மேட்டுநிலங்களுக்குப் பெயர்ந்தனர். அணை நீரோ காவிரிப் படுகைக்குச் சென்றது. படுகை உழவர்க்கு உரிய நீரைக் குறைசொல்வது இங்கே நோக்கமன்று, அவர்களும் உழைப்பவர்களே. ஆயினும், அணைக்குப் பக்கத்திலிருந்த மேச்சேரி, நங்கவள்ளி, தாரமங்கலம் பகுதிகள் வானம் பார்த்த புன்செய்களாகவே இருந்தன. சோளமும் கம்பும் கடலையும் மழை வந்தால் விளைந்தன; வாராவிட்டால் கருகின. உபரி நீரைக் கொண்டு இவ்வட்டாரத்தின் வறண்ட 100 ஏரிகளை நிரப்பும் திட்டத்திற்கு 2020-இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அணை எழுந்து 86 ஆண்டுகள் கழிந்த பின்!

நிலம் கைவிட்டபோது மக்கள் கூலிக்குப் போயினர். 1936-இல் மேட்டூரில் வேதித் தொழிற்சாலை தோன்றியது. 1965-இல் அலுமினிய ஆலை வந்தது. 1987-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கி, பின்னர் நான்கு அலகுகளாக 840 மெகாவாட்டு ஆற்றலுக்கு உயர்ந்தது. பொட்டனேரியில் இரும்பு உருக்காலை எழுந்தது. புகைபோக்கிகள் உயர்ந்தன. ஆலைகளுக்குள் நிலையான வேலையும் நல்லூதியமும் பெற்றவர் சிலர். சுமை தூக்கவும் சாம்பல் அள்ளவும் ஒப்பந்தக் கூலிகளாய் நின்றவர் பலர். எஞ்சியோர்க்குத் தறி இருந்தது, ஆடு இருந்தது, அவையும் இல்லாதார்க்குத் திருப்பூர்ப் பேருந்து இருந்தது.

தறிக்குழியில் ஒரு நாள்

1970-களிலோ 1980-களிலோ இவ்வட்டாரத்தில் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்த பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். கோழி கூவுமுன் எழுந்தாக வேண்டும். கதிரவன் ஏறுவதற்குள் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இழை முறியும். அதற்கு வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் வேண்டும். எட்டு அகவைக் கையும் வேண்டும். அதன்பின் தந்தையார் குழித்தறியில் இறங்குவார். அவர் கால் மிதிக்க, கை ஓடத்தை வீச, தார் தீர்ந்துகொண்டே இருக்கும். அதனைச் சுற்றிக்கொடுக்க இராட்டையின் முன்னே பிள்ளை உட்கார்ந்திருக்கும். பள்ளி மணி அடித்த பிறகே ‘போய் வா’ என்ற சொல் கிடைக்கும். காலந்தாழ்ந்து வந்தமைக்கு ஆசிரியரிடம் அடி. மூன்றாம் பாடவேளையில் கண்கள் தாமே மூடிக்கொள்ள, அதற்கும் அடி. மாலையில் வீடு திரும்பினால் மீண்டும் இராட்டை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் நீர் ஊறும். தறி நிற்கும், கூலியும் நிற்கும். அப்போது முதலாளியிடம் முன்பணம் வாங்குவர். அந்த முன்பணம் அடுத்த மழைக்கும் தீர்வதில்லை. பெரிய பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, முதலாளியின் தறிக்கூடத்திற்கே அனுப்பிக் கடனைக் கழிக்கும் வழக்கம் இப்படித்தான் நுழைந்தது. தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைமேல் அன்பில்லை என்று எவரும் சொல்லத் துணியற்க! இருவர் உழைப்புக்குரிய கூலி ஒரு குடும்பத்தின் வயிற்றுக்குப் போதவில்லை. எனவே மூன்றாவது கை வேண்டியதாயிற்று. பிள்ளை உழைப்புக்குத் தாய் வறுமை. அவ்வறுமைக்குத் தாய் பெற்றோரின் குறைகூலி. இந்த வேரைத் தொடாமல் பெற்றோரைப் பழிப்பவர்கள் மரத்தின் நிழலையே வெட்டுகின்றனர்.

குலக்கல்வி ஒழிந்ததா?

இப்பிள்ளையின் நாளைச் சட்டத்தாலேயே இரண்டாகக் கூறுபோட முயன்ற ஒரு காலம் உண்டு. 1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசகோபாலாச்சாரியார், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணிப்பொழுது பள்ளியில் கற்க வேண்டும். எஞ்சிய பொழுதில் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். தந்தை பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு நாடெங்கும் போர்க்கொடி தூக்கினர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டின் உழைக்கும் மக்கள் பெற்ற வெற்றிகளுள் அது தலையாயது.

அன்று எழுந்த எதிர்ப்பு தொழிலுக்கு எதிரானதன்று. நெய்வதும் உழுவதும் மேய்ப்பதும் இழிவல்ல. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தும் கையும் இழிந்த கையன்று. மேச்சேரித் தோலை உலகம் போற்றுகின்றது. ஆனால் தோலைத் தொட்டு உழைத்த அருந்ததிய மக்களைக் குமுகாயம் ஊருக்கு வெளியே நிறுத்தியது. அவர்களுக்கு 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கிடைத்தது 2009-இல்தான். தொழிலைப் பிறப்போடு கட்டிப்போட்டு, ‘நீ இதற்கென்றே பிறந்தாய்’ என்று பிள்ளையின் நெற்றியில் எழுதுவதையே அன்று தமிழர் எதிர்த்தனர்.

ஆனால் சட்டத்தில் ஒழிந்த குலக்கல்வி, வீட்டுத் திண்ணையில் ஒழிந்ததா? இந்திய அரசமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, பத்தாண்டுகளுக்குள் 14 அகவை வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயலும் என்று வாக்களித்தது. 1960-இல் அப்பத்தாண்டு முடிந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2010 ஏப்பிரல் 1-ஆம் நாள். இடையிலே கழிந்த அரை நூற்றாண்டில், மேச்சேரியில் எத்தனை பிள்ளைகள் தார் சுற்றியே பெரியவராயினர்! 1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டுமே பிள்ளைகளை அமர்த்தத் தடைவிதித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 14 அகவைக்குட்பட்டோரை எந்த வேலைக்கும் அமர்த்தலாகாது என்றது. ஆனால் அதே திருத்தம், இடரில்லாத குடும்பத் தொழிலில், பள்ளிப் பொழுதுக்குப் பின்னரும் விடுமுறையிலும் பிள்ளை ‘உதவலாம்’ என்றும் ஒரு சாளரத்தைத் திறந்துவைத்தது. குடும்பம் என்பதில் பெற்றோருடன் பிறந்தோரும் அடங்குவர் என்றது. தாய்க்குத் தண்ணீர் எடுத்துக்கொடுப்பது உதவி. மாமன் பட்டறையில் நள்ளிரவு வரை அமர்ந்திருப்பது வேலை. இரண்டிற்கும் இடையிலுள்ள கோட்டை வாசலில் நின்று காவல் காப்பவர் யார்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மாலைப்பொழுதில் ஆட்டமும் பாட்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குடும்பத்தொழில். 1954-இல் முன்வாயிலால் துரத்தப்பட்டது 2016-இல் அச்சாளரத்தின் வழியே எட்டிப்பார்க்கின்றது என்பதை உணர்க!

வறுமை தீர்ந்த பிறகுதான் எல்லாப் பிள்ளையும் படிக்க முடியும் என்பார் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தமிழகத் தறியை நலித்த ஆலைத்துணியை நெய்த இங்கிலாந்தில், ஒரு காலத்தில் சிறு பிள்ளைகளே ஆலைகளில் நின்றனர். 1833-ஆம் ஆண்டுச் சட்டம்தான் 9 அகவைக்குட்பட்டோரை நெசவாலைகளிலிருந்து விலக்கியது. 1880-இல் பள்ளி செல்வது கட்டாயமாயிற்று. சப்பான் 1872-இலேயே எல்லார்க்கும் தொடக்கக் கல்வி என்று ஆணையிட்டது. அன்று சப்பான் செல்வ நாடன்று. அந்நாடு வளர்ந்ததால் பள்ளி கட்டவில்லை. பள்ளி கட்டியதால் வளர்ந்தது. வேலைக்குரிய குறைந்த அகவையை வரையறுத்த பன்னாட்டுத் தொழிலமைப்பின் 1973-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2017-இல்தான்.

சோறு திறந்த கதவு

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பசித்த பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது தமிழ்நாட்டின் சோறு. 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி அதற்கு வித்திட்டது. 1956-இல் காமராசர் பகல் உணவுத் திட்டத்தை மாநிலம் முழுதும் கொண்டுசென்றார். 1982-இல் ம.கோ.இரா. சத்துணவுத் திட்டமாக அதனை விரித்தார். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் காலையுணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டே ஊர்ப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. இரவு தறிக்கூடத்தில் நின்று காலையில் அடுப்பு மூட்ட இயலாத தாய், பிள்ளையைப் பசியோடு அனுப்பிய கலக்கத்தை இது தணித்தது. கட்சி எதுவாயினும், பிள்ளைக்குச் சோறிட்டவரைப் பாராட்டத் தயங்கலாகாது.

பள்ளிக்குள் பிள்ளை வந்துவிட்டது, வயிறும் நிறைந்துவிட்டது. இனி அதன் அறிவுக்கு என்ன கிடைத்தது என்பதே வினா. இவ்விடத்தில்தான் கண்ணுக்குப் புலப்படாத இரண்டாவது கதவொன்று நிற்கின்றது. அதன் பெயர் பயிற்றுமொழி.

பிள்ளை அறிந்ததும் பள்ளி அறியாததும்

நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு நூலின் எண் தெரியும். ஓர் இராத்தல் எடையில், 840 கசம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே அந்நூலின் எண். நாற்பது அடங்கினால் நாற்பதாம் எண். எண்பது அடங்கினால் எண்பதாம் எண். எண் கூடக் கூட இழை மெலியும். நாற்பதாம் எண் நூலைத் தொட்ட விரல், எண்பதாம் எண் நூலை இருட்டிலும் பிரித்தறியும். இதனைத்தான் கணக்கு நூல் ‘எதிர்மாறல்’ என்று கற்பிக்கின்றது. பள்ளியில் அப்பாடம் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அப்பிள்ளையின் விரல் அதனைக் கற்றுவிட்டது. ஆனால் எந்த ஆசிரியரும் ‘உன் வீட்டில் எந்த எண் நூல் ஓடுகின்றது?’ என்று கேட்டதில்லை. ‘இத்தனை ஆள்கள் இத்தனை நாளில் ஒரு சுவரைக் கட்டினால்’ என்று தொடங்கும் கணக்கைத் தந்து, விழிக்கும் பிள்ளையை ‘மக்கு’ என்று கடைசி வரிசையில் அமர்த்தினர்.

தமிழிற் கற்பிக்கும் பள்ளியிலேயே இந்நிலை என்றால், ஆங்கிலத்திற் கற்பிக்கும் பள்ளியில் அப்பிள்ளை என்ன செய்யும்? பாவு, ஊடை, அச்சு, விழுது, படமரம், தார் என்று அது அறிந்த சொற்களெல்லாம் வாயிலிலேயே செருப்போடு கழற்றி வைக்கப்படுகின்றன. அச்சொற்களோடு அவற்றுள் அடங்கிய அறிவும் வெளியே நின்றுவிடுகின்றது. ஐந்தாண்டுகள் வீட்டிற் சேர்த்த அறிவை எறிந்துவிட்டு, வெறுங்கையோடு அடியிலிருந்து தொடங்குமாறு ஏழைப் பிள்ளைக்கு ஆணையிடப்படுகின்றது. ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கோ இவ்விழப்பு இல்லை. ஒரே வகுப்பில் இருவரும் அமர்ந்திருந்தாலும், ஓட்டத்தில் இருவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படவில்லை.

இது தமிழர் மட்டும் கூறும் கூற்றன்று. இங்கே குலக்கல்வித் திட்டம் வந்த அதே 1953-இல், ஐ.நா.வின் கல்வி அறிவியல் பண்பாட்டு அமைப்பு, பிள்ளைக்குத் தாய்மொழியிலேயே கற்பிப்பது சிறந்தது என்று ஆய்ந்து வெளியிட்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கின்றது. ‘இயன்றவரை’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நழுவிப்போயின. 1999-இல் தமிழ்நாட்டரசு, ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழி வழியே கற்பிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2000-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 2014-இல் இந்திய உச்சநீதிமன்றமும், கருநாடக வழக்கில், தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே, 2013-14 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. தனியார் பள்ளிக்கு ஓடும் கூட்டத்தைத் தடுத்து நிறுத்தவே இது என்றனர். ஓடும் வண்டியை நிறுத்தாமல், தாமும் அதில் ஏறிக்கொண்ட கதை இது!

பெற்றோரைப் பழிக்கற்க

இவ்வட்டாரத்துப் பெற்றோர் நிலையையும் எண்ணுதல் வேண்டும். கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல், இராசிபுரம் பகுதிகள், உண்டு உறைந்து மனப்பாடம் செய்யும் தனியார் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றன. ஆனித் திங்களில் பள்ளிக்கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்போது, பட்டியிலிருந்த கிடாய்கள் சந்தைக்கு நடக்கின்றன. அடுத்து வருவது தாலிச் சரடு. ஆடு விற்ற பணமும் அடகு வைத்த பணமும், பிள்ளை அறிந்த மொழியை மறக்கச் செய்வதற்கான கூலியாகச் சென்று சேர்கின்றன.

இதற்குப் பெற்றோரை ஏளனம் செய்வது எளிது; அறமன்று. ஆங்கிலமறியாமையால் வங்கியிலும் அலுவலகத்திலும் ஆலை வாயிலிலும் தாம் பட்ட இழிவைத் தம் பிள்ளை படலாகாது என்றே அவர்கள் விழைகின்றனர். அவர்கள் வாங்குவது ஆங்கிலத்தையன்று, மதிப்பை. அம்மதிப்பைத் தமிழ் தரும் என்று அவர்களுக்குக் காட்டாதவரை, எத்தனை மேடைகளில் முழங்கினாலும் அவர்கள் செவி சாய்க்கமாட்டார்கள். தமிழ்வழியிற் கற்றோர்க்கு அரசுப் பணி நேரடி அமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020-இல் வந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஆலைகளும் வணிக நிறுவனங்களும் கேட்கும் மொழி இன்னும் ஆங்கிலமே. ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்திற் கற்பது வேறு. முன்னதை எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்கு கற்பிக்கலாம்; கற்பிக்கவும் வேண்டும். பின்னதுதான் ஏழையின் காலை வெட்டுகின்றது.

பெண் பிள்ளையின் நிலை

ஆண் பிள்ளையின் துயரம் ஒரு மடங்கென்றால், பெண் பிள்ளையின் துயரம் இரு மடங்கு. பிறந்த பெண் மகவை உயிரோடு விட்டுவைக்குமாறு கெஞ்சி, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் என்பதைத் தலைகுனிந்து நினைவுகூர்தல் வேண்டும். பிழைத்து வளர்ந்த பெண்ணோ, தம்பி தங்கையரைத் தூக்கிக்கொண்டே நடை பழகினாள். பத்தாம் வகுப்பைத் தாண்டுமுன்னே, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலப் பெயரோடு நூற்பாலை முகவர்கள் மேற்கு மாவட்டங்களின் சிற்றூர்களுக்கு வந்தனர். மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் திருமணத்திற்கு ஒரு தொகை என்றனர். மூன்றாண்டு முடியுமுன் உடல்நலம் குன்றித் திரும்பிய பெண்கள், தொகையின்றியே திரும்பினர். தம்பியின் ஆங்கிலப் பள்ளிக்கட்டணத்தை அக்காளின் பஞ்சு படிந்த மூச்சு கட்டிய வீடுகளும் உண்டு. பெண்ணின் படிப்பை விற்று ஆணின் படிப்பை வாங்கும் குடும்பத்தில், தமிழும் வாழாது, அறமும் வாழாது.

தமிழன்பர் கடமை

இறுதியாக, தமிழ்ப்பற்றுடையோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. வேற்றுச் சொற்களைக் களைந்து தூய தமிழ்ச் சொற்களை ஆக்குவதற்கு அகரமுதலிகளைப் புரட்டும் அன்பர்கள், தறிக்குழியில் இறங்கிப் பார்த்தனரா? பட்டியில் நின்று கேட்டனரா? பாவும் ஊடையும் மறியும் கிடாயும் துரட்டியும் புலவர் ஆக்கிய சொற்களல்ல. எழுத்தறியாத உழைப்பாளர் நூற்றாண்டுகளாய்த் தம் நாவிற் காத்துவந்த செல்வம். விசைத்தறி வந்து குழித்தறி மறைகின்றது. 1985-இல் கைத்தறிக்கென 22 வகைத் துணிகள் ஒதுக்கப்பட்டன; பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. ஒரு தறி நின்றால் அதனோடு ஒரு குடும்பத்தின் கூலி மட்டும் நிற்பதில்லை. ஒரு கைப்பிடிச் சொற்களும் நின்றுவிடுகின்றன. தூய தமிழைக் காப்பது என்பது, அதைப் பேசி உழைப்பவனைக் காப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். உழைப்பவன் பிள்ளை தமிழை விட்டோடினால், மேடைத்தமிழ் யாருக்காக?

ஆகவே, கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போமாக. ஒன்று: கைத்தறியாளர்க்கும் விசைத்தறிக் கூலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கும், பிள்ளையின் கையை நாடாமலே குடும்பம் பிழைக்கத்தக்க கூலி. இரண்டு: குடும்பத்தொழில் என்னும் சாளரத்தை அடைத்து, 14 அகவை வரை பிள்ளையின் முழுநாளும் பிள்ளைக்கே உரியதாக்கும் சட்டம். மூன்று: தொடக்கக் கல்வி முழுதும் தமிழிலும், ஆங்கிலம் நன்கு கற்பிக்கப்படும் ஒரு மொழிப்பாடமாகவும் அமைதல். நான்கு: நூலின் எண்ணும், ஆட்டின் எடையும், ஏரியின் கொள்ளளவும் கணக்குப் பாடத்தில் இடம்பெறுதல். ஐந்து: தமிழ்நாட்டில் இயங்கும் எல்லா நிறுவனங்களிலும் தமிழறிவுக்கு வேலையும் மதிப்பும்.

இவை வரும்வரை வாளா இருக்க வேண்டியதில்லை. மேச்சேரியிலும் அதுபோன்ற ஒவ்வோர் ஊரிலும், மாலைப்பொழுதில் ஒரு திண்ணை போதும். ஒரு விளக்குப் போதும். தமிழன்பர் ஒருவர் போதும். தறிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையை அருகில் அமர்த்தி, ‘இன்று உன் வீட்டில் எந்த எண் நூல் ஓடிற்று?’ என்று அவர் கேட்கட்டும். அப்பிள்ளை விடை சொல்லும். அவ்விடையிலிருந்து அன்றைய கணக்குப் பாடம் தொடங்கட்டும்.

உழைப்பவர் பிள்ளை உயர்க! தமிழ் வெல்க!